குரோஷே ஸ்வெட்டரில் ரிப் பட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோஷே ஊசியால் முதல் ஸ்வெட்டரைப் பின்னுகிறவர்கள் உடலையும் கைகளையும் ஓரளவு எளிதாகவே முடித்துவிடுகிறார்கள். அடி ஓரம், மணிக்கட்டு, கழுத்து ஆகிய மூன்று இடங்களில் மேடும் பள்ளமுமாக வரும் ரிப் பட்டையில்தான் பெரும்பாலோருக்குச் சந்தேகம் எழுகிறது. அந்தச் சந்தேகங்களுக்கான பதில்கள் கீழே உள்ளன. கணக்குகள் அனைத்தும், கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 8 பிளை எனப்படும் நடுத்தரத் தடிமன் நூலையும் 4 மி.மீ., 5 மி.மீ. ஊசிகளையும் வைத்துச் சொல்லப்பட்டவை. உங்கள் கையின் இறுக்கம் வேறாக இருக்கும் என்பதால் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கணக்குப் போடும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிப் பட்டை எதற்கு? அழகுக்காகவா?

பார்ப்பதற்கு அழகாக இருப்பது உண்மைதான். ஆனால் அது ஸ்வெட்டரைத் தாங்கிப் பிடிக்கும் பகுதி. குரோஷே பின்னல் கனமானது. அணிய அணியத் தன் எடையாலேயே கீழ்நோக்கி இறங்கும். அடி ஓரத்தில் இடுப்பைச் சற்றே பற்றிக்கொள்ளும் பட்டை இருந்தால் உடல் தொங்கிப் போகாமல் அதன் மேல் வந்து நிற்கும். மணிக்கட்டில் உள்ள பட்டை, கை முழங்கை வரை ஏறினாலும் மீண்டும் பழைய இடத்திற்கு வந்து அமர வேண்டும். கழுத்துப் பட்டை தலை நுழையும்போது விரிந்து, நுழைந்தபின் சுருங்க வேண்டும். இந்த மூன்று வேலைகளுக்கும் பொதுவான தேவை, இழுத்தால் விரிவது மட்டுமன்று. விட்டால் பழைய அளவுக்குத் திரும்பி வருவது. எந்த ரிப், எந்த நூல், எந்த ஊசி என்று முடிவெடுக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் "இது திரும்பி வருமா?" என்று கேட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டு ஊசிகளால் பின்னும் நிட்டிங்கில் வரும் ரிப் அளவுக்கு குரோஷே ரிப் இழுபடுமா?

அந்த அளவுக்கு இழுபடாது. நிட்டிங்கில் ஒரு வரிசை முழுவதும் ஒரே நூல் வளைந்து வளைந்து ஓடுகிறது; இழுக்கும்போது ஒவ்வொரு வளைவும் பக்கத்து வளைவுக்கு நூலை விட்டுக்கொடுக்கிறது. குரோஷேயிலோ ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழே உள்ள கண்ணியோடும் பக்கத்தில் உள்ள கண்ணியோடும் முடிந்து பூட்டப்படுகிறது. நூல் நகர இடமில்லை. ஆகவே குரோஷே ரிப்பின் நெகிழ்ச்சி நூலின் ஓட்டத்திலிருந்து வருவதன்று. துணி மடிந்து மடிந்து நிற்பதிலிருந்து வருவது. ஆர்மோனியத்தின் துருத்தி மடிப்புகளைப்போல, மேடும் பள்ளமுமாக நிற்கும் பட்டை இழுக்கும்போது தட்டையாகி, விட்டதும் மீண்டும் மடிந்துகொள்கிறது. மடிப்பு எவ்வளவு ஆழமோ அவ்வளவு நெகிழ்ச்சி. நூல் எவ்வளவு துள்ளலாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக அது திரும்பி வரும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு உண்டு. பட்டை, மேடுகளுக்குக் குறுக்காகத்தான் இழுபடும். மேடுகளின் நீளவாக்கில் இழுபடாது. அதனால் பின் இழையில் (அது எது என்பது கீழே உள்ளது) பின்னும் ரிப்பை இடுப்பைச் சுற்றி நீள வரிசைகளாகப் பின்னக் கூடாது. 6 செ.மீ. அகலமுள்ள குறுகிய வரிசைகளாகப் பின்னிக்கொண்டே போய், நீண்ட பட்டை ஒன்று உருவானதும் அதைப் பக்கவாட்டில் திருப்பி ஸ்வெட்டரில் பொருத்த வேண்டும். பின்னும்போது கிடையாக இருந்த வரிசைகள் அணியும்போது செங்குத்தாக நிற்கும். தொடக்கத்தில் பலரும் இடறுவது இந்தத் திருப்பத்தில்தான். கையில் ஒரு சிறு துண்டைப் பின்னித் திருப்பிப் பார்த்தால் உடனே விளங்கும்.

எத்தனை வகை ரிப் உண்டு? முதலில் எதைக் கற்கலாம்?

வழக்கத்தில் இருப்பவற்றை நான்காகப் பிரிக்கலாம். பின் இழையில் சிங்கிள் குரோஷே என்ற குட்டைக் கண்ணியைப் போட்டு உருவாக்கும் ரிப் முதலாவது. அதையே சற்று உயரமான ஹாஃப் டபுள் குரோஷே கண்ணியில் போடுவது இரண்டாவது. வேகமாக வளரும், மிருதுவாக இருக்கும், ஆனால் மேடுகள் சற்று மழுங்கியும் பிடிப்பு சற்றுக் குறைந்தும் இருக்கும். பின் இழையில் ஸ்லிப் ஸ்டிச் என்ற மிகக் குட்டையான கண்ணியை மட்டுமே போட்டு உருவாக்கும் ரிப் மூன்றாவது. நான்காவது, முந்தைய வரிசைக் கண்ணியின் தண்டைச் சுற்றி முன்னும் பின்னுமாகப் போடும் போஸ்ட் ரிப். முதல் மூன்றும் குறுகிய வரிசைகளாகப் பின்னித் திருப்பிப் பொருத்தப்படுபவை. போஸ்ட் ரிப் மட்டும் ஸ்வெட்டரின் போக்கிலேயே சுற்றுச் சுற்றாக வளர்வது.

முதல் ஸ்வெட்டருக்குச் சிங்கிள் குரோஷே ரிப்பையே பரிந்துரைக்கிறேன். மேடுகள் தெளிவாகத் தெரிவதால் வரிசைகளை எண்ணுவது எளிது. பிழை நேர்ந்தால் கண்ணுக்கு உடனே படும். நான்கில் கற்பதற்கு எளிதும் இதுதான். மெதுவாக வளரும் என்பது ஒன்றே குறை. அந்தப் பொறுமைக்கு ஏற்ற பலன் உண்டு.

பின் இழை என்பது எது?

ஒரு வரிசையை முடித்து, பின்னலை மேலிருந்து பாருங்கள். ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு இழைகள் சேர்ந்து படுத்த வி வடிவில் தெரியும். உங்களுக்கு அருகில் இருப்பது முன் இழை. உங்களைவிட்டு விலகி இருப்பது பின் இழை. வழக்கமான பின்னலில் ஊசி இரண்டுக்கும் அடியில் நுழையும். ரிப்பில் இரண்டு இழைகளுக்கும் நடுவே ஊசியை விட்டு, பின் இழையின் அடியில் மட்டும் எடுக்க வேண்டும். விடுபட்ட முன் இழை, பின்னலின் முகத்தில் ஒரு கோடாகக் கிடக்கும். அடுத்த வரிசைக்குத் திருப்பும்போது அதே வேலை மறுபக்கத்தில் நடப்பதால் கோடு அந்தப் பக்கம் விழும். இப்படி மாறி மாறி விழுவதால்தான் துணி மடிகிறது. அதனால்தான் இரண்டு வரிசைகளுக்கு ஒரு மேடு என்ற கணக்கு வருகிறது. 20 மேடுகள் தெரிந்தால் 40 வரிசைகள் முடிந்தன என்று பொருள்.

ஹாஃப் டபுள் குரோஷேயில் மட்டும் மூன்றாவதாக ஓர் இழை உண்டு. கண்ணியைப் போடும்போது அது வி வடிவத்துக்குக் கீழே பின்புறம் கிடக்கும். பின்னலைத் திருப்பியதும் உங்கள் பக்கமாக வந்துவிடும். அந்த இழையில் ஊசியை விட்டுப் பின்னினால் வி வடிவம் முழுவதும் மறுபக்கம் சாய்ந்து, நிட்டிங் கண்ணிகளைப்போலச் சடை சடையாகத் தெரியும். அழகான முறை. ஆனால் சாதாரணப் பின் இழை ரிப் கைவந்த பிறகு முயல்வதே நல்லது.

எந்த நூலில் ரிப் நன்றாக வரும்?

கம்பளி நூல் முதலிடம். கம்பளி இழை இயல்பாகவே சுருள் கொண்டது. இழுத்து விட்டால் தானே சுருங்கும். இரண்டு மூன்று இழைகள் நன்றாக முறுக்கிய கம்பளி நூல், ஒற்றை இழையாகத் தளர்வாக இருப்பதைவிட நன்றாகத் திரும்பி வரும். அக்ரிலிக் அடுத்தது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களிலும் சமவெளி நகரங்களின் நூல் கடைகளிலும் ஸ்வெட்டர் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது அக்ரிலிக்தான். விலை குறைவு, துவைப்பதும் எளிது, ரிப்புக்கும் போதுமான துள்ளல் உண்டு. கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் இரண்டுக்கும் நடுவே நிற்கும்.

பருத்தி நூலில் தயவுசெய்து மணிக்கட்டுப் பட்டை போட வேண்டாம் என்றே சொல்வேன். பருத்தி இழுபடும், திரும்பி வராது. முதல் நாள் கச்சிதமாக இருந்த பட்டை சில நாள் அணிந்தபின் தளர்ந்து, கையைக் கழுவும்போதெல்லாம் நனைந்துகொண்டிருக்கும். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியில்தான் மேலாடை பின்ன வேண்டும் என்றால் இரண்டு வழிகள் உண்டு. பட்டை இல்லாமல் நேர் ஓரமாகவே விட்டுவிடலாம். அல்லது, பட்டை பின்னும்போது மட்டும் மெல்லிய எலாஸ்டிக் நூலைப் பருத்தி நூலோடு சேர்த்துப் பிடித்துப் பின்னலாம். எலாஸ்டிக் நூலை இழுத்துப் பிடிக்காமல் தளர்வாக ஓட விடுங்கள். இழுத்துப் பின்னினால் பட்டை சுருண்டு கயிறாகிவிடும்.

ஊசி எந்த அளவு?

உடலுக்குப் பயன்படுத்திய ஊசியைவிட அரை அல்லது ஒரு மி.மீ. சிறியது. உடலுக்கு 5 மி.மீ. என்றால் ரிப்புக்கு 4 மி.மீ. என்று தொடங்கிப் பாருங்கள். ஸ்லிப் ஸ்டிச் ரிப் மட்டும் இதற்கு விலக்கு. அதற்கு உடலின் ஊசியோ அதைவிடப் பெரியதோ வேண்டும்.

வடிவக் குறிப்பில் "டபுள் குரோஷே" என்று இருக்கிறது. பின்னினால் ரிப் தொளதொளவென்று வருகிறதே?

குறிப்பு பிரிட்டிஷ் முறையில் எழுதப்பட்டதாக இருக்கலாம். அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே எனப்படும் குட்டைக் கண்ணியைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்பார்கள். அதைவிட உயரமான அமெரிக்க டபுள் குரோஷே அங்கே ட்ரெபிள் ஆகிவிடும். குறிப்பில் எங்கேனும் சிங்கிள் குரோஷே என்ற பெயர் வந்தால் அது அமெரிக்க முறை என்று உறுதியாகக் கொள்ளலாம், ஏனெனில் இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே இல்லை. இந்தப் பக்கம் முழுவதும் அமெரிக்கப் பெயர்களே பயன்படுத்தப்பட்டுள்ளன.

பட்டை பின்னப் பின்ன ஒரு பக்கம் குறுகிக்கொண்டே போகிறது. என்ன செய்வது?

வரிசையின் கடைசிக் கண்ணி விடுபடுகிறது. பின் இழையில் பின்னும்போது ஓரக் கண்ணி சற்றே உள்ளே மடங்கிக்கொள்வதால், வரிசை முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியிலும் ஒரு குறியூசியையோ வேறு நிறத் துண்டு நூலையோ மாட்டிவையுங்கள். திரும்பி வரும்போது அது மாட்டியுள்ள கண்ணிதான் உங்கள் கடைசிக் கண்ணி. வரிசைத் தொடக்கத்தில் போடும் ஒரு சங்கிலி (ஊசியிலுள்ள வளையத்தின் வழியே நூலை இழுத்துப் போடும் வெறும் வளையம்) உயரத்துக்காக மட்டுமே. அதைக் கண்ணியாக எண்ண வேண்டாம், அதில் பின்னவும் வேண்டாம். முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் மட்டும் இரண்டு இழைகளையும் சேர்த்தெடுத்துப் பின்னினால் ஓரம் தொய்யாமல் நேராக நிற்கும், விடுபட்டதும் எளிதில் தெரியும்.

எத்தனை வரிசைகள் பின்ன வேண்டும் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

மாதிரித் துண்டு இல்லாமல் இதற்கு விடை இல்லை. ரிப்புக்கான ஊசியில், 12 சங்கிலி போட்டு, சங்கிலியின் முதுகில் முடிச்சு முடிச்சாகத் தெரியும் இழையில் முதல் வரிசை 11 கண்ணிகளைப் போடுங்கள். பிறகு 30 வரிசைகள் வரை பின் இழையில் பின்னுங்கள். அதைத் துவைத்து, தட்டையாகப் போட்டு உலர்த்துங்கள். உலர்ந்ததும் இழுக்காமல் மேசைமேல் வைத்து, 10 செ.மீ.க்குள் எத்தனை வரிசைகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். பிறகு நன்றாக இழுத்து எவ்வளவு விரிகிறது என்று பாருங்கள். சில நிமிடம் அப்படியே இழுத்துப் பிடித்து விட்டுவிட்டு, மீண்டும் அளந்து பாருங்கள். 10 செ.மீ. துண்டு 11 செ.மீ.யாகவே நின்றுவிட்டால் அந்த நூலும் ஊசியும் மணிக்கட்டுக்கு உதவாது. ஊசியைச் சிறிதாக்குங்கள் அல்லது நூலை மாற்றுங்கள்.

இப்போது ஒரு முழுக் கணக்கு. ஸ்வெட்டர் உடலின் சுற்றளவு 96 செ.மீ.; உடலில் 10 செ.மீ.க்கு 16 கண்ணிகள், ஆக ஏறத்தாழ 154 கண்ணிகள். ரிப் மாதிரியில் 10 செ.மீ.க்கு 22 வரிசைகள் என்று வைத்துக்கொள்வோம். அடிப் பட்டை உடலைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாக இருப்பது நல்ல தொடக்கம். எனவே சுமார் 86 செ.மீ. 8.6ஐ 22ஆல் பெருக்கினால் 189 வரும். மேடுகள் சுற்றிலும் முறிவின்றி வர இரட்டைப்படை எண் வேண்டும் என்பதால் 190 வரிசைகள், அதாவது 95 மேடுகள்.

மணிக்கட்டுக்குக் கணக்கு வேறு. அங்கே பட்டை கையின் அகலத்துக்கு அல்ல, மணிக்கட்டின் அளவுக்குப் பொருந்த வேண்டும். மணிக்கட்டு 16 செ.மீ. என்றால் பட்டை 17 செ.மீ. போதும், அதாவது 38 வரிசைகள். ஆனால் கட்டை விரலை உள்ளே மடக்கிய கை அதற்குள் நுழைய வேண்டும். அந்த இடத்தில் கையின் சுற்றளவை அளந்து, பட்டை அதுவரை விரிகிறதா என்று மாதிரித் துண்டை வைத்தே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பட்டையின் அகலம் உங்கள் விருப்பம். அடி ஓரத்துக்கும் மணிக்கட்டுக்கும் 5 முதல் 7 செ.மீ., கழுத்துக்கு 2.5 முதல் 3 செ.மீ. என்பது கண்ணுக்கு இதமாக இருக்கும். மடித்துத் தைக்கும் கழுத்துப் பட்டை என்றால் இரு மடங்கு.

உடலோடு பட்டையை எப்படி இணைப்பது?

பட்டையைத் தனியே பின்னித் தைக்கலாம்; பட்டையை முதலில் பின்னி அதன் ஓரத்திலிருந்து உடலை எழுப்பலாம்; உடலை முடித்துவிட்டு அதன் ஓரத்திலேயே இணைத்துக்கொண்டே பட்டையைப் பின்னலாம். கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் ஸ்வெட்டருக்கு மூன்றாவது வழி மிகவும் பொருத்தமானது. தைக்கும் வேலை இல்லை, அணிந்து பார்த்து அளவை மாற்றவும் முடியும்.

உடலின் அடி ஓரத்தில், பக்கத் தையல் வரவேண்டிய இடத்தில் நூலை இணைத்து 12 சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 11 சிங்கிள் குரோஷே போட்டுக்கொண்டே உடலை நோக்கி வாருங்கள். உடலின் ஓரத்தை அடைந்ததும் அடுத்த உடல் கண்ணியில் ஒரு ஸ்லிப் ஸ்டிச், அதற்கும் அடுத்த கண்ணியில் இன்னொன்று. முதலாவது பட்டையை உடலோடு கட்டுகிறது. இரண்டாவது அடுத்த வரிசைக்கு இடம் நகர்த்துகிறது. சங்கிலி எதுவும் போடாமல் பின்னலைத் திருப்பி, அந்த இரண்டு ஸ்லிப் ஸ்டிச்சுகளையும் தாண்டி, பட்டையின் முதல் கண்ணியிலிருந்து பின் இழையில் 11 கண்ணிகள் போட்டு வெளி ஓரத்துக்குப் போங்கள். அங்கே ஒரு சங்கிலி, திருப்பல், மீண்டும் பின் இழையில் 11. இப்படிப் போய் வரும் இரண்டு வரிசைகளுக்கு ஒரு முறைதான் உடலோடு இணைப்பு விழுகிறது.

ஒவ்வொரு முறையும் இரண்டு கண்ணிகளை எடுக்க வேண்டும் என்று பல குறிப்புகள் சொல்லும். அது எல்லோர் கைக்கும் பொருந்தாது. மேலே போட்ட கணக்கில் 95 மேடுகள் 154 உடல் கண்ணிகளைத் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 2 எடுத்தால் 77 மேடுகளிலேயே உடல் தீர்ந்துவிடும்; பட்டை 70 செ.மீ. மட்டுமே வந்து, இடுப்பை இறுக்கிப் பிடித்து உடலை மேலே பலூனாக உப்பச் செய்யும். அதற்குப் பதிலாக 2, 2, 1, 2, 1 என்று எடுங்கள். ஐந்து மேடுகளுக்கு எட்டுக் கண்ணிகள். 19 முறை செய்தால் 95 மேடுகளும் 152 கண்ணிகளும் முடியும். மிஞ்சுகிற இரண்டில் ஒன்று நூலை இணைத்த இடம். மற்றதைத் தீர்க்க, முதுகுப் பக்கம் எங்கேனும் ஒரு முறை 1க்குப் பதில் 2 எடுத்தால் போதும். இந்தச் சிறு வகுத்தலைத் தாளில் போட்டுவிட்டுத் தொடங்குபவருக்கு அடிப் பட்டையைப் பிரிக்கும் நிலை அநேகமாக வராது.

சுற்றி முடிந்ததும் ஊசி வெளி ஓரத்தில் நிற்கும். கடைசி வரிசையையும் தொடக்கச் சங்கிலியையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்து, கடைசி வரிசையின் பின் இழையையும் சங்கிலியில் மிச்சமுள்ள இழையையும் சேர்த்தெடுத்து, தளர்வான ஸ்லிப் ஸ்டிச்சால் உடல் வரை மூடிவிடுங்கள். சங்கிலியின் முதுகு இழையில் முதல் வரிசையைப் போட்டிருந்தால் அதன் வி வடிவம் முழுதாக மிஞ்சியிருக்கும். இணைப்பு மற்ற மேடுகளோடு ஒன்றிவிடும்.

பட்டையை முதலில் பின்னிவிட்டேன். அதிலிருந்து உடலையோ கையையோ எழுப்பும்போது எத்தனை கண்ணிகள் எடுக்க வேண்டும்?

சிங்கிள் குரோஷே ரிப்பில் ஒரு வரிசை முனைக்கு ஒரு கண்ணி என்பது தொடக்கக் கணக்கு. மேலே சொன்ன மணிக்கட்டுப் பட்டையில் 38 வரிசைகள் இருப்பதால் 38 கண்ணிகள் கிடைக்கும். கையின் கீழ்ச்சுற்றளவு 26 செ.மீ. என்றால் 42 கண்ணிகள் வேண்டும். ஒன்பது பத்து வரிசைகளுக்கு ஓரிடத்தில் இரண்டு கண்ணிகள் போட்டால் குறையும் நான்கு சேர்ந்துவிடும். ஹாஃப் டபுள் குரோஷே ரிப்பில் வரிசைகள் உயரமானவை என்பதால் இரண்டு வரிசைகளுக்கு மூன்று கண்ணிகள் என்று தொடங்கிப் பாருங்கள்.

பட்டை அலை அலையாக விரிகிறது. அல்லது உடல் சுருங்கிக்கொள்கிறது. ஏன்?

பட்டை அலைந்தால் உடலின் கண்ணிகளுக்கு மிகுதியாக வரிசைகள் விழுந்துள்ளன. இணைக்கும்போது இன்னும் அதிகக் கண்ணிகளைத் தாண்டுங்கள். உடல் கொசுவமாகச் சேர்ந்தால் நேர்மாறு. பத்துப் பன்னிரண்டு மேடுகள் பின்னியதுமே மேசையில் தட்டையாக வைத்துப் பாருங்கள். அடிப் பட்டையில் உடல் இலேசாகச் சேர்வது சரியான அறிகுறி. பட்டை இழுக்காமலே உடலுக்குச் சமமாகக் கிடந்தால் அணியும்போது அது எதையும் பிடிக்காது.

கழுத்துப் பட்டை நன்றாக இழுபடுகிறது, ஆனாலும் தலை நுழையவில்லை.

பெரும்பாலும் குற்றம் பட்டையில் இல்லை, பட்டை உடலோடு சேரும் கோட்டில் இருக்கிறது. ஸ்லிப் ஸ்டிச் இறுகினால் அது தைத்த நூல்போல விறைத்து நிற்கும். இணைக்கும் ஸ்லிப் ஸ்டிச்சுகளை மட்டும் ஒரு மி.மீ. பெரிய ஊசியால் போடுங்கள், அல்லது ஒவ்வொன்றையும் போட்டதும் ஊசியிலுள்ள வளையத்தைச் சற்று மேலே இழுத்துத் தளர்த்துங்கள். பெரியவர்களின் தலைச் சுற்றளவு பொதுவாக 55 முதல் 60 செ.மீ.க்குள் இருக்கும், பட்டையும் இணைப்புக் கோடும் அதைத் தாண்டி விரிய வேண்டும். பட்டை பாதி முடிந்ததும், முடியாத இடத்தில் குறியூசியால் தற்காலிகமாகப் பிடித்துவிட்டு, ஒரு முறை தலையை நுழைத்துப் பாருங்கள். குழந்தைகளுக்குப் பின்னும்போது இதில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் உடலோடு ஒப்பிட்டால் குழந்தையின் தலை பெரியது. தோளில் திறந்து பொத்தான் வைப்பதே அங்கே நல்லது.

போஸ்ட் ரிப்பை எப்போது தேர்ந்தெடுக்கலாம்?

தடித்த, செதுக்கியதுபோன்ற மேடுகள் வேண்டும்போது. முதலில் ஒரு சுற்று டபுள் குரோஷே, இரட்டைப்படை எண்ணிக்கையில். அடுத்த சுற்றிலிருந்து ஒரு கண்ணியின் தண்டை முன்பக்கமிருந்து சுற்றியும், அடுத்ததைப் பின்பக்கமிருந்து சுற்றியும் மாறி மாறிப் போட வேண்டும். சுற்றாகப் பின்னினால் முன்னதன்மேல் முன்னது, பின்னதன்மேல் பின்னது. திருப்பித் திருப்பிப் பின்னினால் மட்டும் குழப்பம் வரும். அப்போது முந்தைய வரிசையில் என்ன போட்டோம் என்று நினைவில் தேடாமல், உங்களை நோக்கிப் புடைத்து நிற்பதை முன்பக்கமிருந்தும், உள்ளே ஒதுங்கி நிற்பதைப் பின்பக்கமிருந்தும் சுற்றுங்கள். இதில் நூல் அதிகம் செலவாகும், துணியும் தடிக்கும். 8 பிளைக்கு மேற்பட்ட தடிமனில் மணிக்கட்டில் இதைப் போட்டால் மேல்சட்டைக்குள் அடங்காது.

ஸ்லிப் ஸ்டிச் ரிப் கற்பது மதிப்புள்ளதா?

மிகவும். குரோஷேயில் நிட்டிங் ரிப்புக்கு மிக அருகில் வருவது இதுதான். மெல்லியது, நன்றாக இழுபடும், நன்றாகத் திரும்பியும் வரும். ஸ்லிப் ஸ்டிச் மட்டுமே கொண்டு துணி பின்னும் வழக்கம் போஸ்னியா, ஸ்வீடன், ஸ்காட்லாந்து ஆகிய இடங்களில் நெடுங்காலமாக இருந்து வந்தது; குளிருக்கான கையுறைகளை அப்படிப் பின்னினார்கள். ஆனால் ஒவ்வொரு வரிசையும் மிகக் குட்டை என்பதால் அதே நீளத்துக்கு வரிசைகள் ஏறத்தாழ இரு மடங்கு தேவைப்படலாம். கை இறுகினால் அடுத்த வரிசையில் ஊசியே நுழையாது. எனவே உடலுக்குப் பயன்படுத்திய அதே ஊசியையோ அதைவிடப் பெரியதையோ எடுங்கள். முதலில் மணிக்கட்டுப் பட்டைகளில் மட்டும் முயன்று பாருங்கள்.

முன்புறம் திறந்த ஸ்வெட்டரின் பொத்தான் பட்டைக்கும் இதே முறைதானா?

அங்கே மட்டும் தேவை நேர்மாறானது: பட்டை நீளவாக்கில் இழுபடக் கூடாது. ஆகவே முன் ஓரம் முழுவதற்குமான நீண்ட வரிசைகளாகப் பின்னுங்கள். மேடுகள் மேலிருந்து கீழாக ஓடி ஓரத்தைத் தாங்கும். நடு வரிசையில் பொத்தானின் அளவுக்கேற்ப இரண்டு மூன்று சங்கிலி போட்டு, அதே எண்ணிக்கைக் கண்ணிகளைத் தாண்டினால் பொத்தான் துளை.

துவைத்தபின் ரிப் தளராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புக் கரைசலில் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி நீரை ஒற்றி எடுங்கள். தட்டையாகப் பரப்பும்போது உடலை அளவுக்குச் சீர்செய்து, பட்டைகளை மட்டும் விரலால் ஒடுக்கி, மேடுகள் ஒன்றையொன்று தொடும்படி நெருக்கி வையுங்கள். பட்டையில் குண்டூசி குத்தி இழுக்க வேண்டாம். கொடியில் தொங்கவிடவே கூடாது. ஈர எடை முழுவதும் அடிப் பட்டையில் இறங்கும். அக்ரிலிக் பட்டையின்மேல் இஸ்திரிப் பெட்டியோ நீராவியோ படக் கூடாது. வெப்பம் பட்டால் இழையின் துள்ளல் போய்விடும். பிறகு எத்தனை முறை துவைத்தாலும் அது மீளாது.

பழைய ஸ்வெட்டரில் மணிக்கட்டுப் பட்டை மட்டும் தேய்ந்துவிட்டது. அதை மட்டும் மாற்ற முடியுமா?

உடலோடு இணைத்துக்கொண்டே பின்னிய பட்டை என்றால் எளிது. மூடிய ஸ்லிப் ஸ்டிச் முனையைக் கண்டுபிடித்துப் பிரித்தால் பட்டை முழுவதும் ஒரே நூலாகக் கழன்று வரும், கை அப்படியே நிற்கும். பட்டையிலிருந்து கையை எழுப்பியிருந்தால், பட்டைக்கு மேலே உள்ள முதல் சுற்றில் ஒரு கண்ணியை வெட்டி, அந்தச் சுற்றைக் கண்ணி கண்ணியாகக் கழற்றி, மேல் சுற்றின் அடியில் திறந்து நிற்கும் வளையங்களைக் குறியூசிகளில் பிடித்துக்கொண்டு, அங்கே புதுப் பட்டையை இணைத்துப் பின்னலாம். ஸ்வெட்டரை முடிக்கும்போதே அதே சாயத் தொகுதி (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய) நூலில் ஒரு சிறு பந்தை எடுத்துவைத்து, ஸ்வெட்டரைத் துவைக்கும்போதெல்லாம் அதையும் கூடவே துவைத்து வந்தால், ஆண்டுகள் கழித்துப் போடும் பட்டையும் நிறத்தில் ஒத்துப்போகும்.